எடுத்த இடத்தை எழுதி வை



தோட்டத்துப் பால் கொட்டகையை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரையில் மரம் வெட்டி, மங்கு மங்காகப் பாலை எடுத்துக்கொண்டு அம்மா கொட்டகைக்கு வருவார். கிராணி பாலை நிறுத்து, அம்மாவின் பெயருக்கு நேரே கணக்கை எழுதுவார். அந்த ஒரு வரியை அம்மா விடாமல் பார்த்துக்கொண்டே நிற்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடத் தம் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று அறிந்திருந்தார். தம் பால் வேறொருவர் பெயரில் ஏறிவிட்டால் சும்மா விட்டுவிடுவாரா? அன்று கொட்டகையே அதிர்ந்துவிடும். அது அவர் உழைப்பு; அவர் பெயரில்தான் ஏற வேண்டும்.

இரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களிலும் இதே நியாயம்தான். வெட்டிய குலையின் காம்பில் வெட்டியவர் தம் எண்ணை எழுதி மேடையில் அடுக்குகிறார். எண் இல்லாத குலை யாருடையது என்று யாருக்குத் தெரியும்?

இன்று நான் பேச வந்த பொருளும் இதுதான். ஆனால் பாலைப் பற்றியோ குலையைப் பற்றியோ அல்ல. நம் பிள்ளைகள் பள்ளியில் செய்யும் ஆய்வுக் கட்டுரையைப் பற்றி, திரட்டேட்டைப் பற்றி. அதன் கடைசிப் பக்கத்தில் 'துணைநூற் பட்டியல்' என்று ஒன்று இருக்கும். மலாய்ப் பள்ளிகளில் 'பிப்லியோகிராஃபி' அல்லது 'ருஜுக்கான்' என்பார்கள். பிள்ளைகள் பலர் அதை ஒரு சடங்கு என்றே நினைக்கிறார்கள். திரட்டேட்டை முடித்துவிட்டு, நேரம் போதாத இரவில், இரண்டு நூல்களின் பெயரை எப்படியோ எழுதிச் சேர்த்துவிடுகிறார்கள்.

அது சடங்கு அன்று. அது செக்ரோல். யாருடைய உழைப்பிலிருந்து நான் இந்தச் செய்தியை எடுத்தேன் என்று கணக்குக் காட்டும் பக்கம் அது.

அதற்கு இன்னொரு பயனும் உண்டு. நான் எழுதியது சரியா என்று சந்தேகம் வந்தால், படிப்பவர் எந்த வழியாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அது காட்டுகிறது. இந்த இரண்டாவது பயனை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது கடாரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். நான் கெடாவில் பிறந்தவள். கடாரம் என்றால் நம் ஊர் என்ற பெருமை எனக்கு. பட்டணத்து நூலகத்தில், பல தொகுதிகள் கொண்ட ஒரு கலைக்களஞ்சியத்தைப் புரட்டிக் குறிப்பு எடுத்தேன். கட்டுரையின் முடிவில் 'ஆதாரம்: கலைக்களஞ்சியம்' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். விரிவுரையாளர் அதைத் திருப்பித் தந்தார். "எந்தக் கலைக்களஞ்சியம்? எந்தத் தொகுதி? எந்தப் பக்கம்?" என்று மூன்றே கேள்விகள். எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. விடுமுறையில் இரண்டு பேருந்து மாறி அதே நூலகத்துக்குப் போனேன். அரை நாள் தேடித்தான் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். பார்த்தால், இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்துக்கு வந்த ஆண்டு அங்கே 1025 என்று சரியாக இருக்கிறது. நான் 1205 என்று எழுதியிருக்கிறேன்! நூல் சரி, என் கைதான் தவறு. தொகுதியும் பக்கமும் முதலிலேயே எழுதியிருந்தால் ஐந்து நிமிடத்தில் திருத்தியிருக்கலாம்.

நேயர்களே, நோக்கு நூல்கள் என்று நாம் சொல்லும் அகராதி, கலைக்களஞ்சியம் போன்றவற்றில்தான் இந்தத் தவறு மிகுதியாக நேர்கிறது. கதைப் புத்தகத்தை முதலிலிருந்து முடிவு வரை படிக்கிறோம். ஆசிரியர் பெயர் மனத்தில் தங்குகிறது. நோக்கு நூலை அப்படி யாரும் படிப்பதில்லை. வேண்டிய இடத்தைத் திறக்கிறோம், பார்க்கிறோம், மூடிவிடுகிறோம். ஆகவே குறிப்பு எடுக்கும் அந்த நொடியிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

என்னென்ன எழுத வேண்டும்? விரல் விட்டு எண்ணுங்கள். ஒன்று, எழுதியவர் பெயர். இரண்டு, நூலின் பெயர். மூன்று, எத்தனையாவது பதிப்பு. நான்கு, வெளியிட்ட ஊரும் பதிப்பகமும். ஐந்து, ஆண்டு. பல தொகுதி உள்ள நூலானால் தொகுதி எண்ணும், கட்டுரையின் தலைப்பும், பக்க எண்ணும் சேர வேண்டும். இவை எல்லாம் அட்டையில் கிடைக்கமாட்டா. அட்டையைத் திருப்பி, உள்ளே முகப்புப் பக்கத்தையும் அதன் பின்புறத்தையும் பாருங்கள், அங்கே இருக்கும்.

முதலில் ஒருவரே எழுதிய நோக்கு நூலைப் பார்ப்போம். 'அபிதான சிந்தாமணி' என்பது தமிழில் புகழ்பெற்ற ஒரு கலைக்களஞ்சியம். புராணப் பாத்திரங்கள், புலவர்கள், அரசர்கள் என்று எதைத் தேடினாலும் அகரவரிசையில் கிடைக்கும். அதைத் தொகுத்தவர் ஆ. சிங்காரவேலு முதலியார். அவரும் என்னைப் போல ஒரு பள்ளித் தமிழாசிரியர். சென்னையில் பணி செய்தவர். பல ஆண்டுகள் தனி ஒருவராகத் திரட்டிய அந்தப் பெருநூலை அச்சிட ஆள் கிடைக்காமல் அலைந்தார். முடிவில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் கைகொடுத்தார். 1910-ஆம் ஆண்டில் நூல் வெளிவந்தது. அதிலிருந்து ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு அவர் பெயரை எழுதாமல் விடுவது நியாயமா? இப்படி எழுதலாம்:

சிங்காரவேலு முதலியார், ஆ. அபிதான சிந்தாமணி. மதுரை: மதுரைத் தமிழ்ச் சங்கம், 1910.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த நூலுக்குப் பின்னால் வேறு பதிப்புகளும் மறுபதிப்புகளும் வந்திருக்கின்றன. உங்கள் கையில் இருப்பது எதுவோ, அதன் பதிப்பகத்தையும் ஆண்டையுமே எழுத வேண்டும். மறுபதிப்பைப் பார்த்துவிட்டு முதற்பதிப்பின் ஆண்டை எழுதினால், பக்க எண் பொருந்தாமல் போய்விடும்.

அடுத்தது, பலர் கூடிச் செய்த நூல். அகராதிகள் பெரும்பாலும் இப்படித்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. எத்தனையோ பேர் அதற்கு உழைத்தார்கள். இத்தகைய நூலுக்குத் தலைப்பையே முதலில் எழுதுவது வழக்கம். நம் நாட்டுப் பிள்ளைகள் அடிக்கடி பார்ப்பது 'காமுஸ் டேவான்'. அதன் முதற்பதிப்பு 1970-இல் வந்தது. நான்காம் பதிப்பு 2005-இல் வந்தது. அதை இப்படி எழுதலாம்:

காமுஸ் டேவான். 4-ஆம் பதிப்பு. கோலாலம்பூர்: டேவான் பஹாசா டான் புஸ்தாகா, 2005.

மூன்றாவது, பல தொகுதி உள்ள கலைக்களஞ்சியம். தமிழ் வளர்ச்சிக் கழகம் பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 'கலைக்களஞ்சியம்' என்ற பெயரிலேயே பத்துத் தொகுதிகளை வெளியிட்டது. முதல் தொகுதி 1954-இல். பத்தாவது தொகுதி 1968-இல். பாருங்கள், ஒரே நூல்தான். ஆனால் தொகுதிக்குத் தொகுதி ஆண்டு மாறுகிறது. நீங்கள் திறந்த தொகுதியின் ஆண்டையே எழுத வேண்டும். கலைக்களஞ்சியக் கட்டுரையின் கீழே சில வேளைகளில் எழுதியவரின் முன்னெழுத்துகள் மட்டும் இருக்கும். நூலின் தொடக்கத்தில் கட்டுரையாளர் பட்டியல் இருந்தால் அங்கே முழுப்பெயரைக் காணலாம். பெயர் கிடைத்தால் முதலில் அவர் பெயர். கிடைக்காவிட்டால் கட்டுரையின் தலைப்பு. அமைப்பு இதுதான்:

கட்டுரையாளர் பெயர். "கட்டுரைத் தலைப்பு." கலைக்களஞ்சியம். தொகுதி எண். சென்னை: தமிழ் வளர்ச்சிக் கழகம், ஆண்டு. பக்க எண்.

'அகரவரிசையில் இருக்கும் நூலுக்குப் பக்க எண் எதற்கு?' என்று சிலர் கேட்பார்கள். சில முறைகளில் அதை விட்டுவிடுவதும் உண்டு. ஆயினும் குறிப்பேட்டில் எழுதி வைப்பதால் நட்டம் ஒன்றும் இல்லை.

'ஆண்டு எதற்கு? செய்தி ஒன்றுதானே?' என்றும் பிள்ளைகள் கேட்பதுண்டு. மீண்டும் நம் கடாரத்துக்கே வருவோம். பூஜாங் பள்ளத்தாக்கில் குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் 1930-களில் தம் மனைவியோடு அகழ்ந்து பார்த்தார். அவருடைய நீண்ட அறிக்கை, ராயல் ஏசியாட்டிக் சங்கத்தின் மலாயாக் கிளை ஏட்டில் 1940-இல் வெளிவந்தது. அங்கே கண்ட கோயில் அடித்தளங்களைப் பற்றி அன்று அவர் கொண்ட கருத்துகள் பல பிற்கால ஆய்வுகளில் மாறிவிட்டன. 2009-இல் சுங்கை பத்துவில் பெரிய அகழாய்வு தொடங்கியது. பழங்காலத்தில் இரும்பு உருக்கிய இடங்கள் அங்கே வெளிப்பட்டன. 1950-களில் அச்சான கலைக்களஞ்சியத்தில் இந்தச் செய்தி எப்படி இருக்கும்? ஆண்டை எழுதாமல் 'கலைக்களஞ்சியம் இப்படிச் சொல்கிறது' என்று எழுதினால், படிப்பவர் அதை இன்றைய முடிவு என்று நம்பிவிடுவார். ஆண்டை எழுதிவிட்டால், அது அன்று அறிந்தது என்று விளங்கிவிடும். பழைய நூலுக்கும் நாம் செய்யும் நியாயம் அது.

இனி ஒரு முக்கியமான செய்தி. இதில்தான் நம் தமிழ்ப் பிள்ளைகள் மிகவும் குழம்புகிறார்கள். அது பெயர் எழுதும் முறை.

ஆங்கில வழிகாட்டி நூல்களில் 'கடைசிப் பெயரை முன்னால் போடு' என்று இருக்கும். ஆங்கிலேயருக்குக் கடைசியில் வருவது குடும்பப் பெயர். ரிச்சர்ட் வின்ஸ்டெட் என்பவரை 'வின்ஸ்டெட், ரிச்சர்ட்' என்று எழுதுவது சரி. நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் பெரும்பாலும் இல்லை. நம் நாட்டு அடையாள அட்டையில் முத்து, பிறகு 'அனாக் லெலாக்கி' என்பதைக் குறிக்கும் ஏ/எல், பிறகு இராமன் என்று இருக்கும். இங்கே கடைசியில் இருப்பது அப்பாவின் பெயர். விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றி 'இராமன், முத்து' என்று எழுதினால் என்ன ஆகும்? மகன் வெட்டிய பால் அப்பா கணக்கில் ஏறிவிடும்! பெண்களுக்கும் அப்படியே, ஏ/பி என்பதற்குப் பின் வருவது தந்தையின் பெயர். ஆகவே எழுதியவரின் சொந்தப் பெயரே முன்னால் நிற்க வேண்டும். முன்னெழுத்து இருந்தால் அது பின்னால் போகும்: 'தூரன், பெ.' என்பதுபோல.

மலாய்க்காரர் பெயரிலும் 'பின்', 'பிந்தி' என்பதற்குப் பிறகு வருவது தந்தையின் பெயர்தான். அதனால் அந்தப் பெயரை மாற்றிப் போடாமல் உள்ளபடியே எழுதுவது நம் நாட்டு வழக்கம். சீனர் பெயரில் குடும்பப் பெயர் பெரும்பாலும் முதலிலேயே இருக்கிறது. அதையும் திருப்ப வேண்டியதில்லை. நான்கு வகைப் பெயரையும் ஒரே பட்டியலில் சரியாக எழுதத் தெரிந்த பிள்ளை, இந்த நாட்டு மக்களையும் சரியாக அறிந்த பிள்ளை.

இனிக் கைப்பேசிக்கு வருவோம். நூலகம் தொலைவில் இருக்கும் தோட்டப் பிள்ளைக்குக் கைப்பேசி பெரிய துணை. நான் சொன்ன தமிழ்க் கலைக்களஞ்சியம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் கிடைக்கிறது. தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் பார்க்கலாம். அங்கே பார்த்தால் நூலின் விவரத்தோடு, எந்த இணையதளம், எந்த நாளில் பார்த்தது என்பதையும் எழுதுங்கள். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா போன்றவற்றுக்கு அந்த நாள் மிகவும் முக்கியம். காலையில் இருந்த வரியை மாலையில் வேறொருவர் திருத்தியிருக்கலாம் அல்லவா? அது தொடங்குவதற்கு நல்ல இடம். அங்கேயே நின்றுவிடக் கூடாது. 'கூகுள்' என்று மட்டும் எழுதாதீர்கள். கூகுள் வழிகாட்டி, செய்தி சொன்னவர் வேறு. 'எங்கே வாங்கினாய்?' என்று கேட்டால் 'பேருந்தில்' என்று சொல்வதுபோல் ஆகும் அது.

கேட்டவுடன் கட்டுரை எழுதித் தரும் இயந்திரங்களும் இப்போது வந்துவிட்டன. அவை சில வேளைகளில் இல்லாத நூலுக்கும் ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் அழகாக எழுதித் தந்துவிடும். கண்ணால் பார்க்காத நூலைப் பட்டியலில் சேர்ப்பது, வெட்டாத மரத்துக்குப் பால் கணக்கு எழுதுவதுதான்.

முற்றுப்புள்ளி எங்கே, அடைப்புக்குறி எங்கே என்று பிள்ளைகள் அஞ்சுகிறார்கள். இதற்குப் பல முறைகள் உண்டு. அமெரிக்க உளவியல் கழகத்தின் ஏ.பி.ஏ. முறை 1929-இல் தொடங்கியது. அதில் ஆண்டு அடைப்புக்குறிக்குள் பெயரை அடுத்து வரும். 2019-இல் வந்த அதன் ஏழாம் பதிப்பிலிருந்து ஊரின் பெயரையும் விட்டுவிட்டார்கள். முன்பு சொன்ன நூலையே அந்த முறையில் எழுதினால் இப்படி வரும்:

சிங்காரவேலு முதலியார், ஆ. (1910). அபிதான சிந்தாமணி. மதுரைத் தமிழ்ச் சங்கம்.

விவரம் அதேதான், வரிசைதான் மாறுகிறது. உங்கள் ஆசிரியர் எந்த முறையைக் கேட்கிறாரோ அதைத் தொடக்கம் முதல் முடிவு வரை மாற்றாமல் பின்பற்றுங்கள். பட்டியலை அகரவரிசையில் அடுக்குங்கள். தமிழ் நூல்களைத் தனியாகவும், மலாய், ஆங்கில நூல்களைத் தனியாகவும் பிரித்தால் குழப்பம் வராது.

தாய்மார்களே, தந்தைமார்களே! 'நாங்கள் படிக்காதவர்கள், இதில் எங்களுக்கு என்ன வேலை?' என்று நினைக்காதீர்கள். உங்களுக்குத்தான் பெரிய வேலை இருக்கிறது.

சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் என்று எங்கே போனாலும், முன்பு லயம் இருந்த இடத்தில் இன்று வீடமைப்புத் திட்டமோ தொழிற்சாலையோ நிற்பதைப் பார்க்கிறோம். மாணவர் ஒருவர் தம் தோட்டத்தின் கதையை ஆய்வு செய்ய வந்தால், எந்தக் கலைக்களஞ்சியத்தில் தேடுவார்? எந்த நிரையில் யார் வெட்டினார்கள், கோயில் திருவிழாவுக்கு யார் முன்னின்றார்கள், பள்ளிக்கூடத்துக்கு யார் பலகை அடித்தார்கள் என்று எந்த நூலில் இருக்கிறது? உங்கள் நினைவில் இருக்கிறது. அப்படியானால் அந்த ஆய்வுக்கு நீங்களே நோக்கு நூல்.

பிள்ளை உங்களிடம் கேட்டு எழுதினால், பட்டியலில் உங்கள் பெயர் வர வேண்டும். 'நேர்காணல்' என்று தலைப்பிட்டு, சொன்னவரின் பெயர், வயது, முன்பு செய்த தொழில், பேசிய இடம், பேசிய நாள் ஆகியவற்றை எழுதலாம். பள்ளி வரலாற்றுத் திரட்டேட்டில் இதை வாய்மொழிச் சான்று என்று சேர்ப்பார்கள். ஏ.பி.ஏ. முறையில் இது பட்டியலில் வராது. கட்டுரைக்குள்ளேயே பெயரும் நாளும் குறிக்கப்படும். எந்த முறையானாலும் சொன்னவரின் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டே எழுத வேண்டும்.

என் பாட்டி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மரம் வெட்டியவர். தோட்டத்தைப் பற்றி அவர் சொன்னவற்றை நான் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன், வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது, நாளையும் ஆண்டையும் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கவில்லை. இன்று 'அந்தக் கிணற்றை வெட்டியது எந்த ஆண்டு?' என்று ஒரு மாணவி கேட்டால், என்னிடம் பதில் இல்லை. அவர் பாலை நான் சுவைத்தேன், கணக்கில் ஏற்றவில்லை.

2013-ஆம் ஆண்டின் இறுதியில் பூஜாங் பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் சண்டி என்னும் பழங்கோயில் அடித்தளம் இடிக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி வெளிவந்தது. நிலத்தைச் சமன் செய்தபோது அது போய்விட்டது. பல நூற்றாண்டு நின்ற கல் போனது. முன்னைய ஆய்வாளர்கள் அதற்கு எண்ணிட்டு எழுதி வைத்திருந்ததால்தான், அங்கே இருந்தது இன்னது என்று இன்று நாம் சொல்ல முடிகிறது. கல்லுக்கே அந்தக் கதியானால், பலகையால் கட்டிய லயத்துக்கு என்ன சாட்சி? பிள்ளை எழுதும் திரட்டேடும், அதன் கடைசிப் பக்கமும்தான்.

ஆகவே பெற்றோர்களே, மூன்று காரியம் செய்யுங்கள். பிள்ளைக்கு ஒரு சிறு குறிப்பேடு வாங்கிக் கொடுத்து, நூலைத் திறந்தவுடன் விவரத்தை அதில் எழுதச் சொல்லுங்கள். பிள்ளை கட்டுரையைப் படித்துக் காட்டும்போது, "இதை யார் சொன்னது? எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்வியையும் கேட்க எழுத்தறிவு வேண்டியதில்லை. மூன்றாவதாக, வீட்டில் வயதானவர் இருந்தால், இந்த வார இறுதியிலேயே பிள்ளையை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். நாளை முதலில் எழுதி, பெயரை அடுத்து எழுதி, பிறகு அவரைப் பேசச் சொல்லுங்கள்.